வாரந்தோறும் உழைத்த பேனா
('கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கை வரலாறு)

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், வழியில் திருவாலங்காடு என்னும் சிறு நிலையம் வரும். காரைக்கால் அம்மையாரோடு தொடர்புடைய தலம் என்று நம்மில் பலர் அறிவோம். அவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே சோழர் காலத்துச் செப்பேடுகள் கிடைத்தன. 31 ஏடுகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, இராஜேந்திர சோழனின் முத்திரையைத் தாங்கியிருந்தன. பக்கத்து ஊரான பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியை அவை கூறுகின்றன. அத்துடன் சோழ மன்னர்களின் வரலாற்றையும் கூறுகின்றன. ஆதித்த கரிகாலன் மறைந்த பின்னர், குடிமக்கள் வேண்டியும் அருள்மொழிவர்மன் அரியணையை ஏற்கவில்லை என்றும், தன் சிற்றப்பன் முறையினனான உத்தம சோழன் ஆளட்டும் என்று விட்டுக்கொடுத்தான் என்றும் அச்செப்பேடு சொல்கிறது.

2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இச்செய்தி புதிதன்று. நம் வகுப்பறைகளிலும் அந்நாட்களில் வந்தியத்தேவனைப் பற்றியும் குந்தவையைப் பற்றியுமே பேச்சு. ஆயினும், நம் மாவட்டத்து மண்ணில் கிடைத்த செப்பேட்டின் சில வரிகளைப் பெருங்கதையாக வளர்த்துத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தவர் யார், எத்தகைய வாழ்க்கை வாழ்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் அரண்மனைப் புலவர் அல்லர். கல்லூரிப் பேராசிரியரும் அல்லர். வாரப் பத்திரிகையில் தலையங்கமும் நகைச்சுவைக் கட்டுரையும் சங்கீத விமர்சனமும் எழுதிப் பிழைத்த பத்திரிகைக்காரர். அவரது வரலாற்றைச் சிறிது காண்போம்.

இளமையும் முதற் சிறையும்

தஞ்சை மாவட்டத்தில், மாயூரத்துக்கு அருகேயுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில், 1899 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர், கிராமக் கணக்கர். தாயார் தையல்நாயகி. காவிரியின் கிளைகள் பாயும் அந்நாட்டில் வளர்ந்த சிறுவனுக்கு ஆற்றுப் பெருக்கும் கோயில் திருவிழாவும் கதாகாலட்சேபமும் இளமையிலேயே பழகிப்போயின. பிற்காலத்தில் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிப வீரன் குதிரையேறி வரும் காட்சியோடு அவர் தம் பெருங்கதையைத் தொடங்கியது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

திருச்சிராப்பள்ளியில் தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படித்தார். நன்றாகப் படிக்கும் மாணவர். ஆனால் 1921 இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு நாடெங்கும் ஒலித்தபோது, பள்ளியிறுதித் தேர்வை எழுதாமலே வெளியேறினார். அடுத்த ஆண்டு அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வை விட்டவர் படிப்பை விட்டாரில்லை. சிறையிலும் எழுதினார். 'விமலா' என்னும் அவரது முதல் நாவல் சிறைவாசத்தின்போது உருவானதே. எழுத்தே தம் தொழில் என்ற எண்ணத்துக்கு அங்கேதான் வித்து விழுந்தது எனலாம். பட்டம் எதுவும் இல்லாத அவர், அதன் பின்னர் வாழ்நாள் முழுதும் கல்வெட்டையும் காவியத்தையும் பிறநாட்டு நாவல்களையும் படித்துக்கொண்டே இருந்தார்.

திரு.வி.க.வின் நிழலில்

சிறையிலிருந்து மீண்ட இளைஞருக்கு 1923 இல் 'நவசக்தி' வார இதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதன் ஆசிரியர் தமிழ்த் தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனார். 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பெரம்பூர் ஆலைத் தொழிலாளரோடு நின்றவர் திரு.வி.க. என்பதை, தொழிற்பேட்டையை நம்பி வாழும் கும்மிடிப்பூண்டிக் குடும்பங்களைச் சேர்ந்த நாம் நன்றியோடு நினைக்கலாம்.

திரு.வி.க.வின் தமிழ் ஆற்றொழுக்கான செந்தமிழ். அரசியலை ஆங்கிலத்திலேயே பேசியும் எழுதியும் பழகிய காலத்தில், எதையும் தமிழிலேயே சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். அவரிடம் ஐந்தாண்டுகள் வேலை பார்த்த கிருஷ்ணமூர்த்தி, பத்திரிகைத் தொழிலின் எல்லா வேலைகளையும் கற்றார். செய்தி தொகுப்பது, மொழிபெயர்ப்பது, அச்சுப்பிழை திருத்துவது, இடம் போதாதபோது சுருக்குவது, இடம் மிஞ்சியபோது எழுதி நிரப்புவது ஆகிய அனைத்தும் அவற்றில் அடங்கும். ஆயினும் ஆசிரியரின் நடையை அவர் அப்படியே பின்பற்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்ற எளிய நடையை, நகைச்சுவை கலந்து, தமக்கெனத் தேடிக்கொண்டார். 1927 இல் 'சாரதையின் தந்திரம்' என்னும் சிறுகதைத் தொகுப்பு அவரது முதல் நூலாக வெளிவந்தது.

1928 இல் எஸ்.எஸ். வாசன் 'ஆனந்த விகட'னை வாங்கி நடத்தத் தொடங்கினார். அவ்விதழுக்கு 'ஏட்டிக்குப் போட்டி' என்னும் கட்டுரையைக் கிருஷ்ணமூர்த்தி 'கல்கி' என்ற புனைபெயரில் எழுதினார். திருமாலின் பத்தாவது அவதாரத்தை எண்ணிச் சூட்டிய பெயர் என்பாரும், கலியாணசுந்தரனார், கிருஷ்ணமூர்த்தி ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், அப்பெயரே நிலைத்து, பெற்றோர் இட்ட பெயரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

ஆசிரமமும் மதுவிலக்கும்

'நவசக்தி'யை விட்ட அவர், வேறு பெரிய பத்திரிகையைத் தேடிப் போகவில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகில் இராஜாஜி நடத்திவந்த காந்தி ஆசிரமத்துக்குச் சென்றார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக அங்கிருந்து 'விமோசனம்' என்னும் இதழ் வெளிவந்தது. பத்து இதழ்களே வந்தன. ஆனால் குடியால் சீரழியும் ஏழைக் குடும்பங்களை நேரில் கண்டு, அவர்களுக்குப் புரியும் சொற்களில் எழுத வேண்டிய கட்டாயம் அங்கே அவருக்கு ஏற்பட்டது. குடியின் கொடுமையால் முதலில் அழுவது வீட்டிலுள்ள பெண்களே என்பதை அவருடைய அக்காலக் கதைகள் எடுத்துக்காட்டின. விடுதலைப் போராட்டத்தில் மீண்டும் ஆறு மாதச் சிறையும் அவருக்குக் கிடைத்தது.

விகடன் நாட்கள்

1930-களின் தொடக்கத்தில் கல்கி 'ஆனந்த விகட'னில் ஆசிரியப் பொறுப்பேற்றார். அங்கேதான் அவரது பேனா பல முகம் காட்டியது. தலையங்கம் எழுதியவர் அவர். பயணக் கட்டுரை எழுதியவரும் அவரே. 'ஆடல் பாடல்' என்ற தலைப்பில், 'கர்நாடகம்' என்னும் பெயரில் கச்சேரிகளையும் நாட்டியங்களையும் விமர்சனம் செய்தவரும் அவரே. சங்கீதம் தெரிந்தவர்கள் மட்டுமே பேசத்தக்க விஷயம் என்று கருதப்பட்ட கச்சேரியை, சாதாரண வாசகரும் சிரித்துக்கொண்டே படித்துத் தெரிந்துகொள்ளும்படி எழுதினார். பெரிய வித்துவானாயினும் குறை இருந்தால் குறை என்றே எழுதினார். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் இல்லையே என்ற குறை அவரை வாட்டியது. 1940-களில் அண்ணாமலை அரசர் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கத்துக்கு அவருடைய எழுத்து பெருந்துணையாயிற்று.

இவ்வாறு வாரந்தோறும் எழுதிவந்த கட்டுரையாளர் 1937 இல் 'கள்வனின் காதலி' என்னும் தொடர்கதையைத் தொடங்கினார். அடுத்து வந்தது 'தியாக பூமி'. இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதனைத் திரைப்படமாக எடுத்துவந்தபோதே, விகடனில் அக்கதை திரைப்படக் காட்சிகளின் புகைப்படங்களோடு தொடராக வெளிவந்தது. தமிழ்ப் பத்திரிகை உலகுக்கு அது புதுமை.

அந்தக் கதையில் கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னர் பெரும் செல்வத்துக்கு உரியவளாகித் தன் காலில் நிற்கிறாள். கணவன் மீண்டும் உரிமை கொண்டாடி வரும்போது, அவனோடு செல்ல மறுக்கிறாள். நாட்டுப் பணியில் இறங்குகிறாள். அவள் தந்தை சம்பு சாஸ்திரியோ, வெள்ளத்தில் வீடிழந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்து, அதனால் சொந்தச் சாதியாரின் வெறுப்புக்கு ஆளாகிறார். 1939 இல் வெளியான அப்படத்தை ஆங்கில அரசு பின்னர் தடை செய்தது. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண், அவமதிப்போடு வாழ்வதைவிடத் தனித்து வாழ்வது மேல் என்று முடிவெடுப்பதை நம் பாட்டிமார் வாராவாரம் காத்திருந்து படித்தனர் என்பதை எண்ணும்போது, நமக்கு வியப்பும் பெருமையும் உண்டாகின்றன.

சொந்தப் பத்திரிகை

1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுக் கல்கி மூன்று மாதம் சிறை சென்றார். விகடன் வேலையும் போயிற்று. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மனைவி ருக்மிணி, குழந்தைகள் ஆனந்தி, இராஜேந்திரன் ஆகியோரைக் கொண்ட குடும்பமும் இருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்நிலையில் அவரும், விடுதலைப் போராட்ட நாளிலிருந்தே நண்பரான டி. சதாசிவமும் சேர்ந்து புதுப் பத்திரிகை தொடங்கத் துணிந்தனர். கையில் முதல் இல்லை. சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' திரைப்படத்தில் நாரதர் வேடமேற்று நடித்துப் பெற்ற பணமே முதலாயிற்று. 1941 ஆகஸ்டு முதல் நாள் 'கல்கி' இதழ் பிறந்தது. இரண்டு நண்பர்களின் பத்திரிகை என்று உலகம் சொல்கிறது. ஒரு பெண்மணியின் உழைப்பே அதற்கு அடிப்படை என்பதை நாம் மறத்தல் ஆகாது. பின்னாளில் எம்.எஸ். நடித்த 'மீரா' படத்துக்குக் கல்கி வசனமும் சில பாடல்களும் எழுதினார்.

வரலாறு கதையான விதம்

தமிழில் வரலாற்று நாவல் கல்கிக்கு முன்னும் இருந்தது. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895 இலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் பல்லவரையும் சோழரையும் அடுப்பங்கரை வரை அழைத்துவந்தவர் கல்கியே. புதிய இதழில் 1941 இல் 'பார்த்திபன் கனவு' தொடங்கிற்று. 1944 முதல் 'சிவகாமியின் சபதம்' வந்தது. மாமல்லபுரத்துச் சிற்பங்களும் வாதாபிப் போரும் அதற்குப் பின்னணியாயின. நாட்டு விடுதலையையும் பிரிவினையின் துயரத்தையும் 'அலை ஓசை' சித்திரித்தது. 1950 அக்டோபரில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களாக மூன்றரை ஆண்டு தொடர்ந்து 1954 இல் நிறைவெய்தியது.

தொடர்கதை எழுதுவது எத்தகைய வேலை என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்றால் நாம் ஒருநாள் தவணை கேட்கலாம். அச்சு இயந்திரம் தவணை தராது. குறித்த நாளில் அத்தியாயம் அச்சுக்கூடம் போயாக வேண்டும். ஓவியர் படம் வரைய அதற்கு முன்பே கதை தெரிய வேண்டும். சென்ற வாரம் அச்சானதை இந்த வாரம் அடித்து எழுத இயலாது. ஒரு பாத்திரம் கிழக்கே போனதாக எழுதிவிட்டால், அது கிழக்கேதான் போயிருக்கிறது! இடையில் வாசகர் கடிதங்கள் வேறு குவியும். இத்தனைக்கும் நடுவே அதே வாரத்தில் தலையங்கமும் எழுத வேண்டும். இந்த உழைப்பை அவர் வாழ்நாளின் இறுதிவரை விடவில்லை.

மற்றொன்றும் நாம் கவனிக்க வேண்டும். செய்தி எழுதுகிறவன் இடத்தைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்ற பத்திரிகைப் பழக்கத்தை அவர் நாவலுக்கும் கொண்டுவந்தார். ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு கதை நிகழும் இடங்களுக்குப் போனார், இலங்கைக்கும் சென்றுவந்தார். நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாற்று நூல்களைப் பயின்றார். நாம் முன்னே கூறிய திருவாலங்காட்டுச் செப்பேடும், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டும் அவர் கதைக்கு எலும்புக்கூடு ஆயின. நம் மாவட்டத்துக்கு மேற்கே, அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் 949 இல் நடந்த போரும், அங்கே யானை மீதிருந்து உயிர்நீத்த இளவரசன் இராஜாதித்தனின் நினைவும் அக்கதையில் அடிக்கடி வருகின்றன.

ஆனால் எலும்புக்கூடு வேறு, உயிர் வேறு. குந்தவையும் அருள்மொழியும் ஆதித்த கரிகாலனும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். நந்தினியும் ஓடக்காரப் பெண் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவர்கள். இரண்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருப்பது கதையின் வெற்றி. அதனை அப்படியே வரலாறு என்று நம்பித் தேர்வில் எழுதிவிட்டால் அது நம் தவறு! அவர் காலத்து எழுத்தாளர் சிலர், கல்கி எழுதுவது பொழுதுபோக்குக்கு உதவுமே தவிர ஆழ்ந்த இலக்கியமாகாது என்று குறை கூறினர். அவ்விவாதம் முழுதும் ஓய்ந்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படித்த எத்தனையோ பெண்கள், அவர் கதையைத் தொடர்ந்து படித்தே சரளமாகப் படிக்கக் கற்றனர். வாரம் ஒரு முறை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பதும், பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துப் புத்தகமாக்கி வைப்பதும் பல குடும்பங்களில் வழக்கமாயிருந்தன. அத்தகைய பழுப்பேறிய தொகுப்பு ஒன்று நம் தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் இன்றும் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

தவறு உணர்ந்த பெருந்தன்மை

கல்கியின் வாழ்வில் நம் நெஞ்சைக் கவர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1930-களின் நடுவில், பாரதியார் மகாகவியா, தேசிய கவி மட்டுமா என்ற வாதம் பத்திரிகைகளில் எழுந்தது. எழுத்தாளர் வ.ரா. முதலியோர் மகாகவி என்றனர். கல்கியோ மறுதரப்பில் நின்று வாதாடினார். வாதம் கடுமையாகவே நடந்தது. ஆனால் பத்தாண்டு கழியுமுன், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் எழுப்ப வேண்டும் என்று தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தவர் அதே கல்கிதான். ஏழை வாசகரும் தம்மால் இயன்ற சிறு தொகையை அனுப்பினர். 1945 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1947 இல் மண்டபம் திறக்கப்பட்டது. இரண்டு விழாக்களிலும் இராஜாஜி கலந்துகொண்டார். முன்பு எழுதியது அச்சில் நிலைத்து நின்றபோதும், பின்பு செய்தது கல்லில் நிலைத்தது. தாம் கொண்ட கருத்தைவிடப் பெரியது உண்மை என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

மறைவும் புகழும்

'பொன்னியின் செல்வன்' நிறைவுற்ற சில மாதங்களில், 1954 டிசம்பர் 5 ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் கல்கி மறைந்தார். அப்போது எழுதிக்கொண்டிருந்த 'அமர தாரா' பாதியில் நின்றது. தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அதனை எழுதி முடித்தவர் மகள் ஆனந்தி. 1956 இல் 'அலை ஓசை'க்குச் சாகித்திய அக்காதெமி விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவரது நூற்றாண்டான 1999 இல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிற்று. எனவே இன்று யாரும் அவற்றை மலிவு விலையில் அச்சிடலாம். கைபேசியிலும் இலவசமாகப் படிக்கலாம். அவர் தொடங்கிய வார இதழ் 2020 இல் அச்சில் வருவதை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. அவர் கதைகளோ புத்தகக் கண்காட்சிதோறும் புதிதாக விற்பனையாகின்றன.

அன்பு மாணவியரே, மூன்று மணி நேரத்தில் திரைப்படம் முடிந்துவிடுகிறது. மூன்றரை ஆண்டு எழுதிய கதையைப் படிக்கப் பொறுமை வேண்டும். நம் பெற்றோரில் பலர் ஆலைகளில் முறை மாற்றி வேலை பார்த்துக் களைத்து வருகின்றனர். வீட்டில் படித்துக் காட்ட அவர்களுக்கு நேரமில்லை. நாம் படித்து அவர்களுக்குச் சொல்லலாமே. இரவு உணவுக்குப் பின் ஓர் அத்தியாயம், பத்து நிமிடம் போதும். அன்று வாசகரைக் காக்கவைத்த அதே ஆவல், நம் வீட்டிலும் மறுநாள் இரவுக்காகக் காத்திருக்கும்.

எழுத விரும்பும் மாணவியர்க்கும் இவ்வாழ்க்கையில் பாடம் உண்டு. பெரிய நாவலை எழுதப் போகிறேன் என்று கல்கி ஒருநாளும் காத்திருக்கவில்லை. இன்றைய கட்டுரையை இன்று எழுதினார், தெரியாததைத் தேடிப் படித்தார், பார்க்க வேண்டியதை நேரில் போய்ப் பார்த்தார், எளிமையாகச் சொன்னார், தவறியபோது திருத்திக்கொண்டார். அடுத்த முறை ரயில் திருவாலங்காட்டில் நிற்கும்போது சன்னல் வழியே ஒரு கணம் பாருங்கள். நாம் பிறந்த மண்ணுக்கடியில் இன்னும் எத்தனை ஏடுகள் உறங்குகின்றனவோ! அவற்றைக் கதையாக்கும் கை நம் பள்ளியின் ஏதோ ஒரு வகுப்பில் இன்று கட்டுரை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்தக் கைக்கு எங்கள் வாழ்த்துக்கள்.